நெல் ஆலைகளில் வெப்பமும் காற்றோட்டமும்: கணினி உருவகப்படுத்தல்

நெல் அவிக்கும் கலன், உலர்த்தி, கிடங்கு, ஆலைக்கூடம் ஆகியவற்றில் வெப்பம், ஈரம், காற்று மூன்றும் எப்படிப் பரவும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் தீர்த்து முன்கூட்டி அறியும் முறையே கணினி உருவகப்படுத்தல். காவிரிப் படுகையில் இதற்கான தேவை பருவமழையால் வருவது. குறுவை அறுவடையின் கடைசிக் கட்டம் வடகிழக்கு மழையில் மாட்டிக்கொள்ளும். அரசுக் கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. நெடுநாள் இருப்புக்கு 14 அளவில் இருக்க வேண்டும். களத்தில் வெயில் இல்லாத நாட்களில் சூடான காற்றுதான் கதி.

உலர்த்தியில் நடப்பது

ஆழமாகக் கொட்டிய நெல்லுக்குள் அடியிலிருந்து சூடான காற்றை ஊதினால், அது அடிநெல்லின் ஈரத்தை வாங்கிக் குளிர்ந்துவிடும். அடிநெல் முறுகக் காய்ந்திருக்க, மேல்நெல் ஈரமாகவே கிடக்கும். மணியின் மேற்புறம் வேகமாகக் காய்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் அரிசியில் கீறல் விழும். அரவையில் நொய் கூடும். அதனால் புழுங்கல் நெல்லைப் பாதியில் நிறுத்தி, ஈரம் மணிக்குள் சமப்பட்ட பின் மீண்டும் உலர்த்துகிறார்கள். எவ்வளவு சூடு, எப்போது நிறுத்துவது என்பவையே கணினியிடம் கேட்கப்படும் கேள்விகள்.

வரலாறு

1947இல் அமெரிக்காவின் ஹுகில் ஆழ்படுகை உலர்த்தலுக்கு எளிய கணக்கு ஒன்றை வகுத்தார். 1968இல் தாம்சன், பியர்ட், ஃபாஸ்டர் மூவரும் மக்காச்சோளக் குவியலை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஓர் அடுக்கை விட்டு வெளியேறும் காற்றையே அடுத்த அடுக்குக்குள் நுழையும் காற்றாகக் கொண்டு கணித்தனர். 1972இல் இந்தியரான சுஹாஸ் பட்டங்கரும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஸ்பால்டிங்கும் வெளியிட்ட ‘சிம்பிள்’ வழிமுறை, பாய்ம (காற்று, திரவ) ஓட்டத்தைக் கணினியில் தீர்க்கும் பொதுவழியாயிற்று. 1974இல் டென்மார்க்கின் நீல்சன் அறைக்குள் காற்று ஓடும் விதத்தை ஆய்வேடாக்கினார்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருவாரூரில், கூட்டுறவு நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கியது. 1972இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமான அதுவே, பின்னர் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக வளர்ந்தது. இங்குக் கணினி மாதிரிகள் குறித்த ஆய்வும் நடக்கிறது. உணவுப் பதப்படுத்தலில் பாய்மக் கணிப்பு குறித்து 2013இல் நூல் வெளியிட்ட சி. ஆனந்தராமகிருஷ்ணன் பின்னாளில் இதன் இயக்குநராக இருந்தார்.

ஆலைக்கூடம்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வேலையிடத்தில் போதிய காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியது. உமி எரியும் கொதிகலன் அருகே சூடேறிய காற்று கூரைத் திறப்பு வழியே வெளியேற, கீழே குளிர்ந்த காற்று நுழைய வழி வேண்டும். கீழ்த்திறப்புகளை மூட்டைகள் அடைத்துவிட்டால் கூரைத் திறப்பு எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. கட்டடம் எழும்பும் முன்பே இதை உருவகப்படுத்திப் பார்க்கலாம்.

வரம்புகள்

மக்காச்சோளத்துக்கான எண்கள் நெல்லுக்குப் பொருந்தா. நெல்லிலும் மோட்டா ரகமும் சன்ன ரகமும் காற்றுக்குக் காட்டும் எதிர்ப்பு வேறு. உள்ளூர் ரகத்தின் ஈரத்தையும் வெப்பத்தையும் பல ஆழங்களில் அளந்து சரிபார்க்காத மாதிரியை நம்பி உலர்த்தியை வடிவமைக்க முடியாது.