சீசாவும் ரசீதும்

கசந்தால்தான் மருந்து என்பது நம் பாட்டிமார் கண்ட இலக்கணம். இருபதாம் நூற்றாண்டு மருந்தை இனிக்கச் செய்தது. குழந்தைகள் ஆசையோடு வாய் திறந்தன. சில வேளைகளில் அந்த இனிப்போடு எமனும் உள்ளே போனான்.

1937-இல் அமெரிக்காவில் மாஸென்கில் என்ற கம்பெனி, சல்பனிலமைட் மருந்தைத் திரவமாக்கி விற்றது. அதைக் கரைக்கச் சேர்த்த பொருள் டைஎதிலீன் கிளைகால். நாவுக்குத் தித்திப்பு, சிறுநீரகத்துக்கு நஞ்சு. நூறு பேருக்கு மேல் மாண்டனர். ஆனால், சோதிக்காமல் மருந்து விற்பது அன்றைய சட்டப்படி குற்றமே அல்ல! 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை. அதற்காகத்தான் கம்பெனிக்கு அபராதம். உயிர்கள் போனதற்கு அல்ல, பெயர் பொய்த்ததற்கு! 1938-இல் அங்கே புதிய சட்டம் பிறக்க அந்தச் சாவுகள் வேண்டியிருந்தன.

நம் நாட்டின் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. குற்றவாளியைத் தண்டிக்க வழி சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு என்ன வழி? வழக்குத் தொடரும் உரிமை முதலில் மருந்து இன்ஸ்பெக்டருக்கு மட்டுமே இருந்தது. தாய் வெறும் சாட்சி. பின்னால் வந்த திருத்தங்களே அவளுக்கும் கதவைத் திறந்தன. கலப்பட மருந்துக்கு விதித்து வசூலிக்கும் அபராதம் பாதிக்கப்பட்டவருக்கே சேர வேண்டும் என்று சட்டம் சொன்னது 2008-இல்தான். அதற்குள் 1972-இல் சென்னையிலும், 1986-இல் பம்பாயிலும் அதே நஞ்சு உயிர்களைக் குடித்துவிட்டது.

கேட்க ஒருவர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜம்முவின் ராம்நகர் சான்று. அங்கே 2019 முடிவிலும் 2020 தொடக்கத்திலும் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் மாண்டன. சமூக ஊழியர் ஒருவர் தேசிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். பன்னிரண்டு குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது ஆணையம். சர்க்கார் பணிந்ததா? இல்லை; உயர் நீதிமன்றம் போயிற்று, உச்ச நீதிமன்றமும் போயிற்று. இரண்டு இடத்திலும் தோற்றது. பிள்ளைக்கு ஈடாகுமா அந்தத் தொகை? ஆகாது. ஆனால், 'தவறு உங்கள்மேல் இல்லை' என்று அந்தப் பெற்றோருக்கு நியாயஸ்தலம் சொன்ன வார்த்தை அது.

தொலைதூரத்துக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த 'கோல்ட்ரிப்' நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது. சோதித்த மருந்தில் அந்த நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது.

டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, ஒரு பொருள் எப்படி உண்டாயிற்று என்பதில் வாங்குகிறவருக்கும் பொறுப்புண்டு என்றார். செய்தவரைத் தெரிந்து செக்கு எண்ணெய் வாங்கலாம். அதே ஊர்க் கடைத்தெருவில், டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்து வாங்கும் தாய், சீசாவுக்குள் இருப்பதை எந்தக் கண்ணால் காண்பாள்? காணும் பொறுப்பு செய்தவருக்கும் சோதிப்பவருக்கும் உரியது.

அவளுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ரசீது கேட்டு வாங்கட்டும். பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் மிச்ச மருந்தைக் கொட்டிவிடாமல் சீசாவோடு வைத்திருக்கட்டும். அதிலுள்ள தொகுதி எண்தான் வழக்கின் உயிர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி மருந்து செய்த கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாம். வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாம். வக்கீல் வேண்டுமென்றால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசமாகவே கிடைப்பார். மதுரையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும்.

இந்த உரிமைகள் சும்மா வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் சில சின்னஞ்சிறு கல்லறைகள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால், அவை வீணாய்ப் போகும்.