அம்பிளிக்கையில் புறப்பட்ட குப்பி

2010 ஏப்ரலில் ஒரு தடுப்பூசி ஆய்வு பாதியில் நின்றது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை இரண்டு தவணை போட்டால் மூன்றுக்கு ஈடாகுமா என்று பார்க்க, பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் இந்தியாவில் தொடங்கியது அது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் அரசு எல்லா இடத்திலும் ஊசியை நிறுத்தச் சொன்னது. அதற்குள் 10 முதல் 18 வயதுக்குட்பட்ட 17,729 பெண்கள் ஊசி போட்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரே ஊசிதான்.

ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை. குப்பியின் பயணம் இங்கேதான் தொடங்குகிறது.

ஊசி போட்ட பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒன்றரை ஆண்டு ஆகட்டும், அல்லது தலைப்பிரசவம் முடிந்து ஆறு மாதம் ஆகட்டும். கர்ப்பப்பை வாயில் சிறு பிரஷை மெல்லச் சுழற்றிச் செல்களை எடுப்பார்கள். திரவம் நிறைந்த குப்பிக்குள் அது போகும். குளிரில் வைத்துத் திருவனந்தபுரம் ராஜீவ்காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்துக்கு அனுப்புவார்கள். வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று அங்கே பிரித்துச் சொல்வார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 100க்கு 70க்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகைகள்.

ஒரு குப்பியில் வைரஸ் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலான தொற்றை ஓரிரு ஆண்டில் உடம்பே விரட்டிவிடும். அடுத்த ஆண்டுக் குப்பியிலும் அதே வகை இருந்தால்தான் கவலை. விடாமல் தங்கும் தொற்றுதான் பத்து, இருபது ஆண்டில் புற்றாகலாம். அதனால் நான்கு ஆண்டு, ஆண்டுக்கொரு குப்பி. புகுந்த வீடு வேறு ஊர் என்றால் தேடிப்போக வேண்டும். கூச்சத்தை விட்டு, மறுபடி மறுபடி வந்து படுத்த அந்தப் பெண்களுக்கு நாம் பெருங்கடன் பட்டிருக்கிறோம்.

முடிவு 2021இல் வந்தது. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரே ஊசி 95.4 சதவீதம் தடுத்திருந்தது. இரண்டும் மூன்றும் 93 சதவீதத்தை ஒட்டி. மற்ற நாட்டு ஆய்வுகளும் சேர, 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையையும் ஏற்றுக்கொண்டது.

"ஒரு ஊசி போதுமா டாக்டரம்மா?" என்று மகளோடு வந்து கேட்கும் அம்மாவுக்கு அம்பிளிக்கைப் பெண்கள் தந்த பதில் இது. ஆனால் முப்பது தாண்டிய அந்த அம்மாவுக்கு ஊசியைவிடக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைதான் அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது.