அட்டையில் அடைபட்ட பாவைகள்

பழைய ஊர் ஒன்றின் மேட்டை அகழும் அறிஞர் பொற்குடத்தைக் காட்டிலும் உடைந்த பானை ஓட்டையே பெரிதும் விரும்புவார். பொற்குடம் ஒருவர் வீட்டில் இருந்தது. பானையோ எல்லார் வீட்டிலும் இருந்தது. அந்த முறையைக் கொண்டு நோக்கினால், அமெரிக்கக் குழந்தைகள் கையில் வைத்து விளையாடிய 3¾ அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் பாவைக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. மாணவர்களே, திரைப்படங்களிலும் சித்திரக் கதைகளிலும் வரும் வீரர்களின் உருவில் அமைந்த அப்பாவைகளையும், அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களையும் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பார்பி என்னும் பெண் பொம்மை 1959-இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. ஆண் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று செய்யலாம் என்று ஹாஸ்ப்ரோ கம்பெனியார் எண்ணினர். ஆனால் மகன் பொம்மை வைத்து விளையாடுவதை அக்காலத்துத் தந்தையர் விரும்புவார்களோ என்ற ஐயம் எழுந்தது. ஆகவே 1964-இல் ஜி.ஐ. ஜோ என்ற 12 அங்குலப் போர்வீரனை வெளியிட்டபொழுது, பொம்மை என்ற சொல்லையே விலக்கி, 'ஆக்ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் சூட்டினர். சுங்க வரி விஷயத்தில் இப்பெயர் உதவவில்லை, ஜி.ஐ. ஜோ பொம்மையே என்று 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு வழக்கு வேடிக்கையானது. எக்ஸ்-மென் என்னும் சித்திரக் கதையின் வீரர்கள், தங்களையும் மனிதராக மதிக்க வேண்டும் என்று போராடுபவர்கள். அவர்களுடைய பாவைகளை இறக்குமதி செய்த கம்பெனியாரோ, இவை மனித உருவங்கள் அல்ல என்று வாதாடினர். பொம்மைக்கு வரி 12 சதவீதம்; ஏனைய விளையாட்டுச் சாமானுக்கு 6.8 சதவீதம். 2003-இல் அவர்கள் வென்றார்கள். கதையில் அவ்வீரர்களுக்குக் கிட்டாத தீர்ப்பு இது என்று வருந்துவதா, சிரிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை!

இனி, சேகரிப்போர் உலகின் நடுநாயகமாக விளங்கும் கதைக்கு வருவோம். 1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் வெளிவந்தது. அதன் பாவைகளைச் செய்யும் உரிமையை, அத்துறையில் முன்னணியில் நின்ற மேகோ கம்பெனியார் வேண்டாமென்று விட்டிருந்தனர். சின்சினாட்டி நகரத்துக் கென்னர் கம்பெனியார் அதைப் பெற்றனர். படம் இவ்வளவு பெரிய வெற்றி பெறும் என்று யார் கண்டார்? பாவை வார்ப்பதற்கு எஃகு அச்சுக்கள் வெட்ட வேண்டும். ஹாங்காங்கில் வார்த்துக் கப்பலில் கொண்டுவர வேண்டும். கிறிஸ்துமஸ் பண்டிகையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பொழுது அவர்கள் செய்த காரியம் வியாபார சரித்திரத்தில் நினைக்கத்தக்கது. பாவை இல்லாத ஓர் உறையை விற்றார்கள். அதனுள் படம் அச்சிட்ட அட்டை அரங்கு ஒன்றும், சில ஒட்டுப் படங்களும், சங்க உறுப்பினர் சீட்டும், ஒரு சான்றிதழும் இருந்தன. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் லூக், லேயா, சூபாக்கா, ஆர்-2 டி-2 என்னும் நான்கு பாவைகள் பின்னர் வீடு தேடி வரும். பண்டிகைக் காலையில் ஆவலோடு பரிசைப் பிரித்த குழந்தைக்குக் கிடைத்தது காகிதந்தான். ஆயினும் வாக்குத் தவறவில்லை. 1978-இன் தொடக்கத்தில் பாவைகள் வந்து சேர்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சேகரிப்போர் இன்று அரிதாகக் கருதுவது, சான்றிதழ் பிரியாமல் முழுமையாக உள்ள உறையையே. நம்பி அனுப்பிய குழந்தையின் சான்றிதழ் கம்பெனிக்குப் போய்விட்டது. எஞ்சியது, ஏதோ காரணத்தால் அனுப்பப்படாமலே போன சான்றிதழ். நாம் போற்றும் பழஞ்சான்றுகளுள் எத்தனை இவ்வாறு பயன்படாமையாலேயே தப்பிப் பிழைத்தனவோ!

பாவையின் சிறு உருவுக்கும் காரணம் உண்டு. 12 அங்குல வீரன் அமர்வதற்கு விண்கலம் செய்தால் அது கட்டில் அளவு வேண்டியிருக்கும். 3¾ அங்குலம் என்றால் கலமும் கடைக்குள் அடங்கும், விலையும் தந்தையின் பைக்குள் அடங்கும்.

முதலில் வெளிவந்த 12 பாவைகளும் ஒட்டப்பெற்ற அட்டையின் பின்புறத்தில் அப்பன்னிரண்டின் படங்களையும் அச்சிட்டார்கள். பாவைகள் பெருகப் பெருகப் படங்களும் பெருகின. ஒன்றை வாங்கியவன் மற்றவற்றையும் கேட்கட்டும் என்பதே நோக்கம். குழந்தைகள் அட்டையைக் கிழித்து எறிந்தனர். ஆனால் கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு நாம் காலம் கணிப்பதுபோல், அட்டையில் எத்தனை படங்கள் என்று எண்ணியே சேகரிப்போர் அப்பாவையின் காலத்தை உரைக்கின்றனர். எறிந்த குப்பையே ஆவணமாயிற்று.

மதிப்பு ஏறினால் போலியும் தோன்றும். ஜாவா என்னும் குட்டைப் பாவைக்கு முதலில் வினைல் போர்வை அணிவித்து, விரைவில் துணிப் போர்வையாக மாற்றிவிட்டனர். வினைல் போர்வை அரிதாயிற்று. வேறு பாவையின் போர்வையை வெட்டி ஜாவாவுக்கு அணிவித்து விற்கும் கைகாரரும் தோன்றினர். செப்பேட்டிலும் போலி செய்த உலகம் அல்லவா இது?

இவற்றுள் என் மனத்தை மிகவும் வருத்துவது போபா ஃபெட் என்ற பாவையின் கதை. முதுகிலிருந்து சிறு ஏவுகணை பாயும் என்று அதை விளம்பரம் செய்தனர். வாங்கியதற்கு அடையாளமாக அட்டையிலிருந்து வெட்டிய நான்கு சீட்டுக்களை அனுப்பினால் கிடைக்கும் என்றனர். இதற்கிடையில் 1978-இன் இறுதியில், வேறொரு கம்பெனியின் பொம்மையிலிருந்து பாய்ந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். கென்னர் கம்பெனியார் ஏவுகணையை அசையாதபடி பொருத்திவிட்டு, பாதுகாப்புக் கருதி மாற்றியதாக விளக்கச் சீட்டும் வைத்து 1979-இல் பாவையை அனுப்பினர். பாயும் ஏவுகணையுடன் சோதனைக்காகச் செய்த பாவைகள் சில மட்டும் வெளியே தப்பின. அவற்றுள் ஒன்று 2024-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்தத் தொகையைக் கேட்டு வியந்தவர்கள் பலர். குழந்தைகளின் கையில் சேரக் கூடாது என்று தடுக்கப்பட்டதே அதன் விலைக்குக் காரணம் என்பதை எண்ணும்பொழுது எனக்கு வியப்பு வரவில்லை.

ஸ்டார் வார்ஸ் பாவைகளை 2012-இல் ராச்சஸ்டர் நகரத்து விளையாட்டு அருங்காட்சியகம் தன் பெருமைக்குரிய பட்டியலில் சேர்த்தது. பிரிக்காத அட்டைப் பாவைகளைக் கண்ணாடி போன்ற பேழையில் அடைத்து மதிப்பெண் இடும் நிறுவனங்களும் ஏற்பட்டன. நான் அதைக் குறை கூறவில்லை; அவை இல்லையேல் அட்டைகள் அழிந்தே போயிருக்கும். ஆனால் என் கண் நாடுவது வேறு. மண்ணில் புரண்டு மூக்கில் வண்ணம் தேய்ந்தவையும், கைவாள் தொலைந்தவையும், பக்கத்து வீட்டுப் பாவையோடு கலந்துவிடாமல் இருக்கப் பாதத்தில் பெயரின் முதலெழுத்தை மையால் எழுதப் பெற்றவையும் இன்னும் பல கிடைக்கின்றன. விற்பனைப் பட்டியலில் அந்த மையைப் பழுது என்று குறித்து, விலையைக் குறைத்துவிடுகிறார்கள்.