சட்டாம்பிள்ளை முதல் மாணவர் மன்றம் வரை

"சட்டாம்பிள்ளை" என்றால் யார் என்று எமது பேத்திமாருக்கு இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக அதிகாரம் பெற்றிருந்த பிள்ளை அவன். சின்னப் பிள்ளைகளிடம் பாடம் கேட்பதும் அவர்களை அடக்கி வைப்பதும் அவன் பொறுப்பு. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் பாதிரியார், ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே ஏனையோருக்கு எழுத்துக் கற்பித்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் பின்னர் இது "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவிற்று.

எமது கல்லூரிகளின் மாணவத் தலைவர் முறையோ அங்கிருந்து இங்கு வந்தது. 1828இல் ரக்பி பாடசாலையின் தலைமையாசிரியரான தோமஸ் ஆர்னல்ட், மூத்த மாணவரிடம் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை ஒப்படைத்துப் புகழ் பெற்றவர். சின்னம் அணிந்து, வரிசையை நேராக்கி, "சத்தம் போடாதேங்கோ" என்று நாமும் கட்டளையிட்டோம். சட்டாம்பிள்ளையானாலும் மாணவத் தலைவியானாலும் மேலிருந்து வரும் சொல்லைக் கீழே கொண்டு செல்பவரே. கீழிருந்து எழும் சொல்லை மேலே கொண்டு செல்ல எவரும் இருக்கவில்லை.

வளர்ந்த மாணவர் இந்நிலையை முன்பே மாற்ற முயன்றனர். 1924இல் யாழ்ப்பாணத்தில் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி நாட்டின் அரசியலையே விவாதித்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு எமது அன்னையருக்கும் வாக்குரிமை வழங்கியது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் முறை மட்டும் வரவில்லை.

சின்னஞ்சிறு பிள்ளைகளாலும் இது முடியும் என்று காட்டியவர்களுள் போலந்து மருத்துவர் யானுஸ் கோர்சாக் முக்கியமானவர். 1912இல் வார்சோவில் திறக்கப்பட்ட அவரது அநாதை இல்லத்தில் பிள்ளைகளின் நீதிமன்றமும் பாராளுமன்றமும் இயங்கின. அந்த நீதிமன்றத்தின் முன் அவரும் நின்று பதில் சொன்னார். 1942இல் நாசிகள் அப்பிள்ளைகளைக் கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றபோது, அவர்களைப் பிரியாமல் உடன் சென்று உயிர்நீத்தார்.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. 1991இல் இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. மறு ஆண்டு எமது நாட்டின் சிறுவர் பட்டயமும் வெளிவந்தது.

ஆரம்பப் பாடசாலை மாணவர் மன்றத்தின் அடிப்படை இதுவே. ஒவ்வொரு வகுப்பும் இரகசிய வாக்கெடுப்பில் தன் பிரதிநிதியைத் தெரிவுசெய்யும். அப்பிள்ளை வகுப்பின் தேவைகளைக் கேட்டறிந்து மன்றத்தில் வைப்பாள். அதிபரின் பதிலை வகுப்பிற்குத் திரும்பக் கொண்டு வருவாள். எட்டாத உயரத்தில் தண்ணீர்க் குழாய், கொண்டி இல்லாத மலசலகூடக் கதவு, பெரிய பிள்ளைகள் பிடித்துக்கொண்ட விளையாட்டிடம் போன்றவை பெரியவர்களின் கண்ணில் படாதவை. அங்கு பேசப் பழகும் பிள்ளை, தனக்குத் தீங்கு நேர்ந்தாலும் வாய்மூடி இராள்.

"இல்லை" என்ற பதிலும் பிள்ளைகளுக்குப் பாடந்தான், காரணம் சொல்லப்படுமாயின். பதிலே வராத மன்றம் பரிசளிப்பு விழா அலங்காரமாகிவிடும். கெட்டிக்காரப் பிள்ளையை ஆசிரியரே நியமித்தால் அவள் மறுபடியும் சட்டாம்பிள்ளைதான்.

உலகெங்கும் வாழும் சகோதரிகளே, நூற்றாண்டை முன்னிட்டு எமது பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று பலரும் கேட்கின்றீர்கள். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் கூடி நாமே தீர்மானிப்பது எளிது. கட்டடத்திற்கு அத்திவாரம் இடுமுன், தரம் மூன்று பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போம். அவள் கேட்பது மண்டபமாக இராது. கைக்கெட்டும் ஒரு குழாயாக இருக்கலாம். அதையும் எமது நூற்றாண்டுப் பணிகளில் ஒன்றாக எழுதிக்கொள்வோம்.