போர்க்கப்பலில் தண்ணீர், தூக்கம், சம்பளம் எப்படி? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமிருந்து கடற்படைக்குப் போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கரிசல் காடு, கண்மாய், சீமைக்கருவேலம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் என்றதும் நினைவுக்கு வருவது இவைதான். மழையை நம்பிய வெள்ளாமை, நூற்பாலை, தறி, கரிமூட்டம் என்று வேலை வாய்ப்புகளும் ஓர் அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலருக்கும் சீருடைப் பணி ஒரு கனவு. போலீஸ், ராணுவம் என்று இருந்த அந்தப் பட்டியலில் இப்போது கடற்படையும் இருக்கிறது.

ஆனால் கடலே இல்லாத ஊரில் கப்பல் வாழ்க்கை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். "புள்ளைக்கு நீச்சலே தெரியாதே", "மாசக்கணக்குல தண்ணிக்குள்ளயே இருக்கணுமாமே" என்று வீட்டில் எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல யாரும் இருப்பதில்லை. போர்க்கப்பலில் ஒரு மாலுமியின் நாள் எப்படிப் போகும்? கையில் எவ்வளவு சம்பளம் வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

கப்பலுக்குப் போகும் முன் என்ன நடக்கும்?

2022 ஜூன் 14-ம் தேதி மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. அதன்பின் கடற்படையில் மாலுமிகள் 'அக்னிவீர்' என்ற பெயரில் நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படுகிறார்கள். இதில் முக்கியமான பிரிவுகள் இரண்டு.

எஸ்.எஸ்.ஆர்: பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படித்திருக்க வேண்டும். இன்ஜின், மின்சாரம், ஆயுதம், தகவல் தொடர்பு போன்ற பிரிவுகளில் வேலை.

எம்.ஆர்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். சமையல், உணவு பரிமாறுதல், சுகாதாரப் பணி ஆகியவை இதில் வரும். சுகாதாரப் பணி என்றால் கழிப்பறை, குளியலறையைச் சுத்தமாக வைத்திருப்பதும் சேர்த்துத்தான். 'நேவியில் வேலை' என்று மட்டும் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பவர்கள் அறிவிப்பில் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், தமிழில் இருக்காது. உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 6 நிமிடம் 30 நொடிக்குள் ஓட வேண்டும். உயரம் ஆண்களுக்கு 157 செ.மீ. இருக்க வேண்டும்.

தேர்வானவர்களுக்கு ஒடிசாவில் சிலிக்கா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி. 2023 மார்ச் 28-ல் அங்கிருந்து வெளியேறிய முதல் அக்னிவீர் அணியில் சுமார் 2,600 பேர் இருந்தனர். அவர்களில் 273 பேர் பெண்கள். நீச்சல் தெரியாமல் போனாலும் பயிற்சியில் கற்றுத் தருவார்கள். கண்மாயிலோ கிணற்றிலோ நீந்திப் பழகியவர்களுக்கு அது ஒரு சின்ன அனுகூலம், அவ்வளவுதான்.

கப்பலில் தண்ணீர் எப்படிக் கிடைக்கும்?

சில நாட்களுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்துப் பழகியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். சுற்றிலும் கடல் இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது, சமைக்க முடியாது. உப்பு இயந்திரங்களை அரித்துவிடும் என்பதால் பல இடங்களில் அப்படியே பயன்படுத்தவும் முடியாது.

எனவே கடல்நீரை உள்ளே இழுத்து, உப்பை நீக்கி, நல்ல தண்ணீராக மாற்றும் ஆலை கப்பலுக்குள்ளேயே இருக்கும். விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவில் உள்ள இரண்டு ஆர்.ஓ. ஆலைகள் நாளொன்றுக்கு 400 டன், அதாவது சுமார் 4 லட்சம் லிட்டர் நன்னீர் தரக்கூடியவை. 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி என்று கணக்குப் போட்டால், தினமும் 33 லாரித் தண்ணீர்.

கேட்க நிறையத் தெரியும். ஆனால் அதை 1,600-க்கும் மேற்பட்டவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். சமையல், துணி துவைத்தல், இயந்திரத் தேவை எல்லாம் அதற்குள்தான். சிறிய கப்பல்களில் ஆலையும் சிறியது. அது பழுதானாலோ, பயணம் நீண்டாலோ குளிக்கும் தண்ணீருக்கு அளவு வந்துவிடும். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவதுதான் மாலுமிகளின் வழக்கம். ஒரு வாளியில் குளித்து முடிக்கத் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது.

சாப்பாடு எப்படி இருக்கும்?

விக்ரமாதித்யாவுக்கு மாதம் ஒன்றுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி என்கிறது கடற்படை. தலைக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு இரண்டு முட்டை, மாதம் பத்து கிலோ அரிசி. முழுச் சரக்கும் ஏற்றிவிட்டால் அந்தக் கப்பல் சுமார் 45 நாட்கள் கடலிலேயே தாக்குப்பிடிக்கும்.

அளவில் குறை இருக்காது. மாறுவது ருசிதான். பல மாநிலத்தவருக்கும் ஒரே சமையலறை என்பதால் சப்பாத்தி, பருப்பு, சோறு என்று பொதுவான சாப்பாடு இருக்கும். புறப்பட்ட சில நாட்களில் கீரையும் பச்சைக் காய்கறியும் குறைந்து, கெடாமல் இருக்கும் பொருட்கள் தட்டுக்கு வரும்.

கப்பலில் சாப்பாடு சின்ன விஷயம் இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற பயிற்சித் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மோசமான உணவு, பிரிட்டிஷ் அதிகாரிகளின் இழிவான பேச்சு, சம்பளப் பாகுபாடு ஆகியவை முக்கியக் காரணங்கள். அது 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவி ஆங்கிலேய ஆட்சியையே அதிரவைத்தது.

தூக்கம்தான் பெரிய சவாலா?

ஆம். கடலில் கப்பல் ஒரு நிமிடம்கூடக் கவனிப்பாரின்றி இருக்க முடியாது. ராடார், இன்ஜின், சுக்கான், வெளிக் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் 24 மணி நேரமும் ஆள் வேண்டும். இந்த முறைப்பணியை 'வாட்ச்' என்கிறார்கள்.

நள்ளிரவு 12 முதல் 4 வரை ஒன்று, 4 முதல் 8 வரை ஒன்று என நாலு மணி நேரக் கணக்கில் நாள் பிரிக்கப்படும். மாலை 4 முதல் 8 வரை உள்ள நேரத்தை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்துவிடுவார்கள். ஏன் தெரியுமா? அப்படி உடைத்தால் ஒரு நாளில் ஆறுக்குப் பதில் ஏழு வாட்ச் வரும். ஒற்றைப்படை என்பதால் ஒரே ஆளுக்குத் தினமும் நள்ளிரவு வாட்ச் விழாமல் முறை தானாக மாறிக்கொண்டே போகும். பாய்மரக் கப்பல் காலத்து ஏற்பாடு இது.

ஆட்கள் மூன்று குழுவாக இருந்தால் 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு. "எட்டு மணி நேரம் ரெஸ்ட்டா, பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் சுத்தம் செய்வது, இயந்திரப் பராமரிப்பு, சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம். நடுவே தீ அணைப்பு, வெள்ளத் தடுப்பு ஒத்திகைக்கு மணி அடித்தால் ஓட வேண்டும். ஒரே மூச்சில் ஆறேழு மணி நேரம் தூங்குவது கடலில் அபூர்வம். ஆள் குறைவான நேரங்களில் 4 மணி நேரம் வேலை, 4 மணி நேரம் ஓய்வு என்ற முறைக்கும் போக வேண்டியிருக்கும்.

படுக்கை மூன்றடுக்கு, ரயில் பெர்த் மாதிரி. துணிமணி வைக்க ஒரு சின்ன லாக்கர். அதே அறையில் பலர் தங்குவார்கள். ஒருவர் எழுந்து போவார், இன்னொருவர் வந்து படுப்பார். இன்ஜின் சத்தம் நிற்கவே நிற்காது. இன்ஜின் அறையில் வேலை என்றால் சூடு வேறு. அக்னி நட்சத்திர வெயிலில் நின்றவர்களுக்குச் சூடு புதிதல்ல, ஆனால் இங்கே மர நிழலில் ஒதுங்க முடியாது.

முதல் பயணத்தில் வாந்தி, தலைசுற்றல் வரலாம். தரை அசையவில்லை என்று கண் சொல்ல, அசைகிறது என்று காது சொல்வதால் மூளைக்கு வரும் குழப்பம் அது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் பழகிவிடும்.

வீட்டுக்குப் பேச முடியுமா? லீவு எவ்வளவு?

கப்பல் எங்கே இருக்கிறது என்பதே ரகசியம். உளவு வழக்கில் மாலுமிகள் சிலர் கைதானதைத் தொடர்ந்து, 2019 டிசம்பரில் போர்க்கப்பல்கள், தளங்களில் ஸ்மார்ட்போன், ஃபேஸ்புக் பயன்பாட்டுக்குக் கடற்படை தடை விதித்தது. கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னலும் கிடையாது. "ஒரு வாரமா போனே இல்லை" என்று வீட்டில் பதறாமல் இருக்க, இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அக்னிவீருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. எந்த நாளில் என்பதைக் கப்பலின் பணி தீர்மானிக்கும். குலசாமி கும்பிடு, அக்கா கல்யாணம் என்று கேட்டவுடன் கிடைத்துவிடாது. மும்பை போன்ற தளத்திலிருந்து ரயிலில் வந்து போகவே மூன்று நாள் போய்விடும்.

இன்னொன்று, நான்கு ஆண்டுப் பணிக்காலத்தில் திருமணம் செய்யக்கூடாது. மீறினால் பணி நீக்கம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்ட பெண்களும் ஆண்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்து எவ்வளவு?

போர் என்றால் 1971 டிசம்பர் 9 நினைவுக்கு வரும். அன்று டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியதில் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் உயிரிழந்தனர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலோடு மூழ்கினார்.

ஆனால் அமைதிக் காலத்திலும் ஆபத்து உண்டு. எரிபொருள், வெடிபொருள், உயர் மின்னழுத்தம், மூடிய அறைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. 2016 ஜூனில் கார்வாரில் விக்ரமாதித்யாவின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதியில் நடந்த பராமரிப்பின்போது விஷவாயு தாக்கி இருவர் இறந்தனர். 2022 ஜனவரி 18-ல் மும்பையில் ஐ.என்.எஸ். ரன்வீரில் ஏற்பட்ட வெடிப்பில் மூன்று மாலுமிகள் உயிரிழந்தனர். தூக்கத்தைக் கெடுக்கும் அந்த ஒத்திகைகள் எதற்கு என்பதற்கு இதுதான் பதில்.

சம்பளம் கையில் எவ்வளவு வரும்?

முதல் ஆண்டு: மாதம் 30,000 ரூபாய், கைக்கு 21,000
இரண்டாம் ஆண்டு: 33,000, கைக்கு 23,100
மூன்றாம் ஆண்டு: 36,500, கைக்கு 25,550
நான்காம் ஆண்டு: 40,000, கைக்கு 28,000

பிடித்தம் செய்யும் 30 சதவீதம் 'சேவா நிதி'க்குப் போகும். அதே அளவு தொகையை அரசும் போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாகச் சுமார் 10.04 லட்சம் ரூபாய் கிடைக்கும், வருமான வரி கிடையாது. இதுபோக ரிஸ்க், பயணம், சீருடை போன்ற படிகள் உண்டு. 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஓய்வூதியம், பணிக்கொடை இரண்டும் கிடையாது. அதிகபட்சம 25 சதவீதம் பேரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அதாவது நாலு பேர் போனால் குறைந்தது மூன்று பேர் திரும்பி வர வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு 2022-லேயே அறிவிக்கப்பட்டது. அதற்கும் மறுபடி போட்டி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் விலக முடியுமா?

விதிவிலக்கான சூழ்நிலை தவிர, நான்கு ஆண்டுக்கு முன் சொந்த விருப்பத்தில் விலக முடியாது. மில்லில் வேலை பிடிக்கவில்லை என்று நின்றுகொள்வது போல் இதில் செய்ய முடியாது. அனுமதி இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டால் அது 1957-ம் ஆண்டு கடற்படைச் சட்டப்படி குற்றம். சங்கம் வைக்கவும் முடியாது. குறை இருந்தால் மேலதிகாரி வழியாகப் படிப்படியாக மனு கொடுக்கலாம். அங்கே தீராத பணி தொடர்பான வழக்குகளுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் அமர்வு ஒன்று சென்னையில் செயல்படுகிறது.

விண்ணப்பிக்கும் முன் என்ன செய்யலாம்?

எஸ்.எஸ்.ஆரா, எம்.ஆரா, எந்த வேலை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கண் பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், காது, பல் ஆகியவற்றை முன்கூட்டியே பரிசோதித்துவிடுங்கள். ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு மருத்துவத் தேர்வில் வெளியே வருவது பெரிய ஏமாற்றம்.

விண்ணப்பம் கடற்படையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே. "ரெண்டு லட்சம் குடுத்தா உள்ள தள்ளிவிடுறேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மிக முக்கியமாக, 22, 23 வயதில் கையில் பத்து லட்சத்துடன் ஊர் திரும்பினால் அடுத்து என்ன என்பதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கப்பலில் கற்கும் மின்சார, இயந்திர வேலைக்குக் கரையிலும் மதிப்பு உண்டு. நிரந்தரப் பணி கிடைத்தால் அது லாபம். கிடைக்காது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதுதான் பாதுகாப்பு.