பிளவுபட்ட அரசாங்கம் (அமெரிக்கா)

அதிபர் ஒரு கட்சியைச் சேர்ந்தவராக இருக்க, காங்கிரசின் இரு அவைகளிலுமோ ஏதேனும் ஒன்றிலோ மாற்றுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருக்கும் நிலை, அமெரிக்க அரசியலில் பிளவுபட்ட அரசாங்கம் எனப்படுகிறது. இந்நிலையில் அதிபர் செய்துகொள்ளும் உடன்பாடுகள் நாட்டின் சட்டங்களையும், அடுத்த தேர்தலில் அவருடைய வாய்ப்பையும் பாதிக்கின்றன.

அரசியலமைப்பு அடிப்படை

1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு அதிபருக்கு 4 ஆண்டு, பிரதிநிதிகள் சபைக்கு 2 ஆண்டு, செனட்டர்களுக்கு 6 ஆண்டு என வெவ்வேறு பதவிக்காலங்களை வகுத்தது. அதிபரின் பதவிக்காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில் அவருடைய கட்சி இடங்களை இழப்பது வழக்கம். காங்கிரஸ் நிறைவேற்றும் மசோதாவை அதிபர் வீட்டோ செய்யலாம்; அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. ஆகவே பெரும்பாலும் இரு தரப்பும் பேசித்தான் தீர வேண்டும்.

ட்ரூமன் முதல் ரீகன் வரை

1946 தேர்தலில் இரு அவைகளும் குடியரசுக் கட்சி வசமாயின. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தை ஜனநாயகக் கட்சி அதிபர் ஹாரி ட்ரூமன் 1947-இல் வீட்டோ செய்தும், காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. ஆனால், போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவும் மார்ஷல் திட்டம், குடியரசுக் கட்சி செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்க்கின் துணையோடு 1948-இல் சட்டமானது. அதே ஆண்டு ஜூலையில் ட்ரூமன் காங்கிரசின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, குடியரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் சொன்னதைச் செய்துகாட்டுமாறு கேட்டார். குறிப்பிடத்தக்க பலன் ஏதுமில்லை. ரயிலில் ஊர் ஊராகச் சென்று, ஒன்றும் செய்யாத காங்கிரஸ் என்று சாடிய அவர், நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் தாமஸ் டூயியை 303–189 என்ற தேர்வாளர் வாக்குகளில் வென்றார்.

1954-இல் இரு அவைகளையும் இழந்த குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர், ஜனநாயகக் கட்சிக் காங்கிரசோடு இணைந்து 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அவ்வாண்டே மீண்டும் வென்றார். ரொனால்ட் ரீகனும் சபாநாயகர் டிப் ஓ’நீலும் 1983-இல் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைச் சீரமைத்தனர்; மறு ஆண்டு ரீகன் 49 மாநிலங்களில் வென்றார்.

புஷ், கிளின்டன்

புதிய வரி போடமாட்டேன் என்று 1988-இல் உறுதியளித்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், 1990 பட்ஜெட் உடன்பாட்டில் வரி உயர்வுக்கு இசைந்தார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு கிளம்பியது. பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்துகொள்ள, 1992-இல் தோற்றார்.

1994-இல் பில் கிளின்டன் இரு அவைகளையும் இழந்தார். பட்ஜெட் தகராறில் 1995 நவம்பரில் 5 நாளும், டிசம்பர் 16 முதல் 21 நாளும் அரசு முடங்கியது. மக்களின் அதிருப்தி பெரிதும் காங்கிரஸ் மீதே திரும்பியது. தேர்தல் நெருங்கியதும் இரு தரப்புக்கும் சாதனை தேவைப்பட்டது. 1996 ஆகஸ்ட்டில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து இரு கட்டங்களாக 5.15 டாலராக உயர வழி பிறந்தது. இருமுறை வீட்டோ செய்த பொதுநல உதவிச் சீர்திருத்தத்தின் மூன்றாவது வடிவில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து அவருடைய நிர்வாகத்திலேயே சிலர் பதவி விலகினர். நவம்பரில் அவர் 379–159 என வென்றார். குடியரசுக் கட்சியும் இரு அவைகளையும் தக்கவைத்தது.

2010-க்குப் பின்

2010 இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி பின்னடைவு கண்டபின், 2011-இல் பராக் ஒபாமாவும் சபாநாயகர் ஜான் பேனரும் பேசிய பெரிய பட்ஜெட் உடன்பாடு முறிந்தது. கடன் வரம்பு கடைசி நேரத்தில் உயர்த்தப்பட்டும், ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் மதிப்பீட்டைக் குறைத்தது. ஆயினும் 2012-இல் ஒபாமா வென்றார். 2018-இல் பிரதிநிதிகள் சபையை இழந்த டொனால்ட் டிரம்ப் 2020-இல் தோற்றார்.

மதிப்பீடு

அரசியல் அறிஞர் டேவிட் மேஹ்யூ 1991-இல் வெளியிட்ட ஆய்வு, 1946 முதல் 1990 வரை பிளவுபட்ட காலத்திலும் முக்கியச் சட்டங்கள் ஒரே கட்சி ஆட்சிக் காலத்தின் அளவுக்கு ஏறக்குறைய நிறைவேறியதைக் காட்டியது. ட்ரூமன், ஐசனோவர், கிளின்டன், ஒபாமா நால்வரும் இடைக்காலத் தேர்தலில் அடிபட்டு, அடுத்த தேர்தலில் வென்றவர்கள். காங்கிரசை இழப்பது மட்டுமே ஓர் அதிபரை வீழ்த்துவதில்லை. எதை விட்டுக்கொடுத்தார், முடக்கத்துக்கு மக்கள் யாரைப் பொறுப்பாக்கினர், பொருளாதாரம் எப்படியிருந்தது என்பவையே பெரிதும் தீர்மானித்துள்ளன.