நானோபடிக உலோகங்கள்: இழுவலிமையும் நீள்தன்மையும்

படிகமணிகளின் அளவு 100 நானோமீட்டருக்கும் குறைவான உலோகங்கள் நானோபடிக உலோகங்கள் எனப்படும். மணி சிறுத்தால் வலிமை கூடும் என்பதை ஹால் (1951), பெட்ச் (1953) இருவரும் நிறுவினர். மணியெல்லைகள் இடப்பெயர்வுகளின் (படிகத்துள் நகரும் கோட்டுக் குறைபாடுகளின்) ஓட்டத்தைத் தடுப்பதே காரணம். ஆனால் இழுக்கும்போது நானோபடிக உலோகங்கள் பெரும்பாலும் சிறிதளவே நீண்டு அறுகின்றன. தயாரிப்பில் தங்கும் நுண்துளைகளே இதற்குக் காரணம் என்ற வாதம் தொடக்ககால மாதிரிகளுக்குப் பொருந்தும். துளையற்றவையும் விரைவில் அறுவதை அது விளக்காது. மணிக்குள் இடப்பெயர்வுகள் சேர இடமில்லாததால், நீளும்போது உலோகம் மேலும் இறுகுவதில்லை. ஓரிடம் கழுத்துப்போல் ஒடுங்க, சிதைவு முழுவதும் அங்கேயே குவிகிறது. 2002இல் மீநுண் மணிகளுக்கிடையே மைக்ரோமீட்டர் அளவு மணிகளை வளரவிட்ட செம்பு, உயர் வலிமையோடு 65% நீண்டது. 2004இல் நானோ இரட்டைப்படிக அடுக்குகள் கொண்ட செம்பு 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டியும் நீண்டுகொடுத்தது. ஆகவே வலிமையும் நீள்தன்மையும் பிறவிப் பகை அல்ல. இடப்பெயர்வுகளுக்கு இடம் தரும் உள்ளமைப்பே இரண்டையும் இணைக்கிறது.